நுரை அடங்கிய மண்

பேட்டரிக் கடைக்குப் பின்னால் முளைக்கிற கீரையை எறும்புகூடத் தொடுவதில்லையாம். சலூன்காரரிடம் யாரோ சொன்னார்களாம். அவர் தையற்காரரிடம் சொல்ல, தையற்காரர் மனைவி அதைக் கொண்டுவந்து பேட்டரிக்காரர் மனைவியின் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

பேட்டரிக்காரர் அசரவில்லை. "எறும்புக்கு என்ன தெரியும் ருசி?" என்றார்.

அந்தக் கீரைப் பாத்தி அவருடைய பெருமை. பழைய வண்டி பேட்டரிகளைப் பிரித்துக் கழுவி, ஆசிட்டைக் கொல்லைப்புறத்தில் கவிழ்ப்பது தொழில் தொடங்கிய காலத்து வழக்கம். ஆனால் மனுஷன் பொறுப்பானவர். கவிழ்த்த கையோடு சோடா உப்பைத் தூவுவார். புஸ்ஸென்று நுரை பொங்கும். அது அடங்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பார், அழுத பிள்ளையைத் தூங்கவைத்துவிட்ட பெருமிதத்தோடு. நுரை அடங்கினால் விஷமும் அடங்கிவிட்டது என்பது அவர் கணக்கு. அந்த நம்பிக்கையில்தான் அங்கேயே கீரை விதைத்தார். மாசமாக இருக்கும் மகளுக்கு வாரம் தவறாமல் ஒரு கட்டு போய்விடும்.

மனைவி விடவில்லை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நச்சரித்தாள். சரி, நற்சான்று வாங்கி சலூன்காரர் கண்ணாடியிலேயே ஒட்டிவிடலாம் என்று ஒரு டப்பா மண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு கேட்கப் போன அன்று கல்யாணத்துக்குக் கிளம்புகிறவரைப் போலச் சட்டை மாற்றிக்கொண்டார். மனைவியும் கூடப் போனாள்.

பரிசோதனை நிலையத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "சோடா ஆசிட்டைத்தான் அடக்கும், ஐயா. ஈயம் மண்ணுலயே தங்கிடும். கீரையில ஏறும், இலையில தூசியாவும் ஒட்டும். அந்தக் கீரையை மாசமா இருக்கறவங்க, சின்னப் பிள்ளைங்க யாராவது சாப்பிடறாங்களா?"

ஈயத் தகட்டைத் தினமும் கையில் புரட்டுகிறவர்தான். கழுவின தண்ணீரோடு அது மண்ணுக்குள் இறங்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வாசலுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எறும்புக்கு ருசி தெரியாதுன்னீங்களே?" கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். "காலையில மாப்பிள்ளை வந்து கேட்டாரு, தட்ட முடியாம ஒரு கட்டு கொடுத்தனுப்பினேங்க. மத்தியானச் சமையலுக்குன்னு."

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மகளின் நம்பரை அழுத்தினார். அடுப்படியில் நின்றால் அவள் போனைக் கட்டிலில் போட்டுவிடுவாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மனைவியும் போனோடு காதை ஒட்டி நின்றாள்.

அடித்துக்கொண்டே இருந்தது.