கை வைக்கக் கூடாத பம்பு

சென்ற மாதம் தென்காசிச் சந்தையில் ஒரு மாம்பழக் கூடையின் மீது குனிந்தேன். பழம் மணக்கவில்லை, பழுக்கவைக்கப் போட்ட கார்பைடுதான் மணந்தது. பூண்டை நசுக்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தது போன்ற வாடை. "நல்ல பழம் சார், வாங்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். வாங்காமல் நகர்ந்தேன். அந்த வாடை பட்டாலே எனக்குக் கோபம் வரும். கோபத்துக்கும் மாம்பழத்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை.

எனக்கு முதலில் கார்பைடு என்றால் விளக்குதான். குற்றாலத்தில் சீசன் நாட்களில் தெருவோரக் கடைகளில் எரியும். தகரக் குப்பியில் கல், மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், மூக்கில் வெள்ளைச் சுடர். அந்த வெளிச்சத்தில் மங்குஸ்தான் பழங்கள் கருங்கல் உருண்டைகள் போலத் தெரியும். அதே கல்லைப் பெரிய டிரம்மில் போட்டு, வருகிற வாயுவை ஆக்சிஜனோடு சேர்த்துக் கொளுத்தினால் இரும்பு உருகும் என்பதை அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் இசக்கியின் கேஸ் வெல்டிங் கொட்டகையில் தெரிந்துகொண்டேன். இசக்கிக்கு என் வயதுதான் இருக்கும்.

நான் அப்போது பி.ஏ. முடித்து, பத்திரிகை வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, சுந்தரபாண்டியபுரத்தில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. அண்ணனும் மதினியும் கிணற்றடித் தோட்டத்தில் மிளகாய் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு நெல்தான் எல்லாம். மிளகாய் மதினியின் பிடிவாதம். நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது எல்லாம் அவர்தான். டீசல் எஞ்சினை நம்பி இறங்கிய முதல் வெள்ளாமை அது.

எஞ்சினும் பம்பும் விற்ற தென்காசி ஏஜெண்ட் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "இனிமே மாடு எதுக்கு? வித்துருங்க. கமலையைப் பிரிச்சு அடுப்புல வைங்க. எஞ்சின் சாணி போடாது, சண்டித்தனம் பண்ணாது." அண்ணன் மாட்டை விற்றார். மாடு கட்டி இறைத்த கமலையின் மரங்கள் அந்த மழைக்காலத்துக்கே விறகாகிவிட்டன.

மிளகாய் பூப்பிடிக்கிற நேரத்தில் பம்பின் வார்ப்பிரும்புக் கால் ஒன்று உடைந்தது. பெல்ட் இழுத்த இழுப்பில் பம்பு சாய்ந்து நின்றுவிட்டது. ஏஜெண்ட் கடைக்கு ஓடினோம். முழுப் பம்பையும் மாற்ற வேண்டும், கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால், "அண்ணாச்சியக் கேக்கணும். அருவிக்குப் போயிருக்காக" என்றார் கடைக் கணக்கர். மறுநாளும் அண்ணாச்சி அருவியில்தான் இருந்தார். கம்பெனி அதிகாரிகள் குற்றாலம் வந்திருந்தார்கள், அவர்களைக் குளிப்பாட்டும் பொறுப்பு அவருக்கு.

மாடு இரவல் கிடைத்தாலும் பூட்டக் கமலை இல்லை. குடத்தில் சுமந்தால் ஒரு பாத்தி நனையும். குற்றாலத்தில் பெய்கிற சாரலில் எங்கள் ஊருக்கு வந்தது காற்று மட்டும். மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்த செடிகள் இப்போது சாயங்காலமும் நிமிரவில்லை. மதினி சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். துணைக்கு என்று நானும் போனேன்.

பேரருவிக்கு அருகே, மரத்தடிப் பலகையில் ஏஜெண்ட் குப்புறப் படுத்திருந்தார். ஓர் ஆள் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பலகைகளில் அதிகாரிகள்.

"அண்ணாச்சி, பம்பு எப்ப வரும்?" என்றார் மதினி.

அவர் தலையை மட்டும் திருப்பினார். "என்னம்மா இது, ஆம்பளைக குளிக்கிற இடத்துல வந்து நிக்குதியே."

"எங்க தோட்டம் குளிச்சு நாளாச்சு, அண்ணாச்சி."

அதிகாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். ஏஜெண்ட் சிரிக்கவில்லை. "வாரப்ப வரும். அதுக்குள்ள வேற எவனாவது கை வச்சான், கேரண்டி கிடையாது, பாத்துக்க."

அங்கிருந்து நேராக இசக்கியின் கொட்டகைக்குப் போனோம். இசக்கி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். ஊரில் எஞ்சின் வேலை முழுவதும் ஏஜெண்ட் வழியாகத்தான் வரும். அவர் விற்ற சாமானில் அவர் சொல்லாமல் கை வைத்தால் மறுநாள் கொட்டகையை மூட வேண்டியதுதான். "நான் தொடமாட்டேன் அக்கா. சாப்பாட்டு நேரத்துல டிரம்மும் சிலிண்டரும் சும்மாதான் கிடக்கும். யாரு பத்தவச்சான்னு நான் எங்க பாத்தேன்?"

இப்படித்தான் நாங்கள் வெல்டிங் படித்தோம். மதியம் இசக்கி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்றைப் பிசைவான். கம்பத்தில் ஓர் ஆடு கட்டியிருக்கும். அவன் பேச்செல்லாம் ஆட்டிடம்தான். "ஏலே, சுடரை ஒரே இடத்துல நிப்பாட்டுனா ஓட்டைதான் விழும். நகத்திக்கிட்டே போ. கம்பி சுடருக்குள்ளயே இருக்கணும்." யாருக்கும் தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்ய அவனுக்கு அந்த ஆடு வேண்டியிருந்தது.

"ஆடு நல்லாத்தான் படிக்குது. அடுத்தது என்னன்னு அதுகிட்டயே சொல்லுங்க" என்பார் மதினி.

கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான். மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். வீட்டிலிருந்து ஓட்டை வாளி, காது விட்ட மண்வெட்டி, முறிந்த கலப்பைப் பட்டை என்று கொண்டுபோய்ப் பழகினோம். நான் ஒரு புருவத்தைக் கருக்கிக்கொண்டேன். நான் அடைத்த வாளியைத் தூக்கி வெயிலில் பார்த்துவிட்டு மதினி, "சல்லடை செய்யவா தம்பி பி.ஏ. படிச்சீக?" என்றார். அவர் பற்றவைத்த மண்வெட்டி அந்த வாரமே மண்ணில் இறங்கியது.

பம்புக் காலைப் பற்றவைத்த அன்று அண்ணனும் வந்திருந்தார். கூடாது என்று சொல்லிக்கொண்டே பம்பை வண்டியில் ஏற்றி வந்தவர் அவர். மதினி கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பம்புக் கால் சிவந்து கிடந்தது. வாளித் தண்ணீரை எடுத்து அண்ணன் அதன் தலையில் ஊற்றினார். அவர் கொல்லன் பட்டறையில் ஆயிரம் தடவை பார்த்தது அது: காய்ச்சின ஏர்க் கொழுவைத் தண்ணீரில் முக்கினால்தான் உறுதி. ஆவி அடங்குவதற்குள் 'டிக்' என்றது. புதிய இடத்தில் ஒரு விரிசல்.

"ஏங்க, இது கொழு இல்லங்க!" என்று மதினி கத்தினார்.

இசக்கி ஆட்டை மறந்து திரும்பிவிட்டான். "அட மனுசா! வார்ப்பிரும்பு குளிர் தாங்குமா? பிள்ளத்தாச்சி மாதிரில்லா பாக்கணும்!" பிறகு சுதாரித்து, மீதியை ஆட்டிடம் சொன்னான். பம்புக் கால் முழுவதையும் கரி நெருப்பில் சுட வைத்து, சூட்டோடு பற்றவைத்து, சூடு இறங்கும் முன் உமியில் புதைத்து, தானாக ஆறும்வரை தொடவே கூடாது.

அரிசி மில்லிலிருந்து உமி கொண்டுவந்தோம். மதினி மறுபடி பற்றவைத்துப் புதைத்தார். அண்ணன் உமிக் குவியல் பக்கத்திலேயே போகவில்லை. மறுநாள் பம்பு ஓடியது. பாதிச் செடிகள் பிழைத்தன.

ஏஜெண்ட் ஜீப்பில் வந்தார். பற்றவைத்த தழும்பின் மீது விரலை ஓட்டினார். "யாரு?"

"நான்தான்" என்றார் மதினி.

"நல்ல கை" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மிளகாய் வெள்ளாமையில் எஞ்சினின் நாசில் அடைத்துக்கொண்டது. டீசலைப் பீய்ச்சுகிற கட்டை விரல் அளவுச் சாமான் அது; மயிரிழை ஓட்டைகள்; வீட்டில் செய்யவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. கடைக்குப் போன அண்ணனிடம் ஏஜெண்ட், "உங்க வீட்லதான் எல்லாம் செய்யுதாகளே, இதையும் செஞ்சுக்கச் சொல்லுங்க" என்றார். கண்ணாடி அலமாரியில் நாசில்கள் வரிசையாக இருந்தன. நான் திருநெல்வேலிக்குப் போனேன். அங்கே கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னதும், "தென்காசிக்கு அவுகதான், தம்பி. நாங்க குடுக்கக் கூடாது" என்றார். கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு எழுதினோம். எங்கள் ஏஜெண்டை அணுகும்படி பதில் வந்தது.

பின்னாளில் பத்திரிகையில் திருட்டும் வெட்டுக்குத்தும் நிறைய எழுதினேன். அவற்றுக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கும், ஒரு பிரிவு இருக்கும். ஒரு தோட்டத்தை அலமாரியில் பூட்டி வைத்தவன் மீது எங்கே போய் எழுதிக்கொடுப்பது? அவர் ஓர் அடி அடிக்கவில்லை, ஒரு வசவு சொல்லவில்லை. நாசில் தரவில்லை, அவ்வளவுதான். இசக்கிக்கும் வேலை வருவது மெல்ல நின்றது. ஆட்டை விற்றுவிட்டு மலை தாண்டிப் புனலூர்ப் பக்கம் போனான். ஏஜெண்டுக்கு ஊரில் 'விவசாயிகளின் நண்பர்' என்று வளைவு வைத்துப் பாராட்டு விழா நடந்தது.

அந்த மிளகாய் நின்ற இடத்திலேயே காய்ந்தது. அண்ணன் சில வருடங்களில் நிலத்தை விற்றார். இன்று கிணறு தூர்ந்து, மேலே வீட்டு மனைக் கற்கள் நிற்கின்றன. மதினியும் இப்போது இல்லை. தெருவுக்கே மிளகாய் வத்தல் கொடுத்த அந்த வீட்டில், பிறகெல்லாம் கடையில் காகிதப் பொட்டலமாகத்தான் வாங்கினார்கள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். மதினி ஒரு வத்தலை எடுத்துக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"எந்த ஊருச் சரக்கு?"

"குண்டூர், ஆச்சி."

மதினி பொட்டலத்தைப் பைக்குள் போட்டார். "அங்கன நாசில் குடுக்குதாக போல."