கேப்பர் மலையில் தெரிந்த கப்பல்

கேப்பர் மலையை மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கடலூருக்கு மேற்கே சிவந்து கிடக்கும் மேடு, அவ்வளவுதான். மழை அறுத்த பள்ளங்கள், முந்திரிக்காடு, முட்புதர், ஆள் நடமாட்டமில்லாத செம்மண். ஆனால் உச்சியில் நின்றால் கடல் தெரியும். எங்களுக்கு அது போதுமான மலைதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, என் தகப்பனார், அத்தா, பிழைப்புக்காக மலேயாவுக்குச் சபர் போனார். எங்கள் வீட்டுப் பெண்கள் ரயிலடிக்குப் போய் வழியனுப்பும் வழக்கம் இல்லை. உள்ளறையிலேயே ஸலாம் சொல்லிவிட வேண்டும். அழவும் கூடாது.

"சபர் போறவுங்க பின்னால கண்ணீர் வுட்டா ஆவாது" என்று சொல்லிவிட்டு, அத்தாவின் அண்ணன் மனைவியான பெரியம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அழவில்லை. மறுநாளும் சோறு இறங்காமல், வறண்ட கண்களோடு வீட்டுக்குள் நடமாடினாள்.

அப்போதுதான் அம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். தாய்வீட்டுக்கு என்று சொல்லி எங்களைக் குதிரைவண்டியில் ஏற்றியவர், பாதி வழியில் மலைப்பக்கம் திருப்பச் சொன்னார். மெட்ராஸில் புறப்படும் கப்பல் நாகப்பட்டினம் போக நம் கடலைத் தாண்டித்தானே ஆகவேண்டும் என்றார். மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை முள் இழுக்க இழுக்க அம்மா ஏறினாள்.

"அதோ பாருக்கா, மச்சான் போற கப்பலு."

தொலைவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. அம்மா துப்பட்டியின் முனையை வீசிக் காட்டினாள். பிறகு அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. மாமாவோ நரி வருகிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி, முதுகைக் காட்டிக்கொண்டு முந்திரி மரங்களுக்குள் போய்விட்டார். பட்டப்பகலில் நரி!

நான் கப்பலையே பார்த்தேன். ஒரு பனைமரத்துக்கு நேராக இருந்தது, நகரவேயில்லை. சரக்கேற்ற நங்கூரம் போட்டிருக்கிற கப்பல். துறைமுகத்து ஊர்ப் பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது?

"அம்மா, அது நிக்கிற கப்பலும்மா. அத்தா கப்பல் இல்ல."

"தெரியும்டி. மாமாகிட்ட சொல்லாத" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் அழுதாள்.

இறங்கும்போது பசிக்கிறது என்றாள். எனக்கு ஒரே எரிச்சல். அத்தா இல்லாத கப்பலுக்கு எதற்கு இத்தனை அழுகை?

நான் வளர்ந்து லால்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட பிறகு, என் வீட்டுக்காரர் சபர் போன அன்று, மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அன்று அக்காவுக்குக் காட்டியது கப்பலை அல்ல என்று அப்போது புரிந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். லால்பேட்டையில் மலை கிடையாது.