குளிர்காய்ந்த கை

தொட்டுப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவேன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எனக்குப் பெயர். அந்தப் பெருமையில் என் மகளையே இழந்திருப்பேன்.

நோர்வூட் பக்கம் கொழுந்து பறிக்கிறேன். அன்று காலை மழை, கடுங்குளிர். விறைத்த கைகளை அடுப்பில் காட்டிவிட்டு, சிணுங்கிக்கொண்டிருந்த இரண்டு வயது மகளின் நெற்றியைத் தொட்டேன். சூடு தெரியவில்லை. பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறிவிட்டேன்.

பத்து மணிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ஓடினேன். மகளின் அக்குளில் வைத்தெடுத்த தெர்மாமீட்டரைக் காட்டினார். முப்பத்தொன்பதரை!

"காலையில அடுப்புல கையைக் காட்டிட்டுத் தொட்டுப் பார்த்தேன்க்கா, சுடவே இல்லையே."

"அடுப்புல காட்டுன கையாலயா? அந்தக் கைக்கு எப்புடிம்மா தெரியும்? முப்பத்தேழு கிட்ட இருக்க வேண்டிய ஒடம்பு இது. ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஐந்து நாள் வார்டில் கிடந்து பிழைத்து வந்தாள்.

இப்போது கொழுந்துக் கூடை மாட்டும் ஆணியிலேயே தெர்மாமீட்டரும் தொங்குகிறது. மகள் முகம் கொஞ்சம் வாடினாலும் அளந்து பார்க்காமல், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை. பிந்திப் போனால் கங்காணி ஏசுகிறார். ஏசட்டும். என் கையை நான் இனி நம்பப் போவதில்லை.