பாவு காயும் வரை பேசியவர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகையில் அடித்த புயல் ஆரணிக்குள் வந்ததா, பக்கத்தில் போனதா என்பது ரேடியோவுக்கே தெளிவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. "நம்ம வூட்டு ஓடெல்லாம் சேவூர்ல போயி குடித்தனம் பண்ணிகினு இருக்குதுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்போது நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஊர்ச் சேவைச் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினர். டாக்டருக்கும் வக்கீலுக்கும் நடுவில் என்னை எதற்குச் சேர்த்தார்கள் என்றால், மைக் செட் என்னுடையது.

மழை கொஞ்சம் விட்டதும் ரொட்டி, போர்வை என்று வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டே போனோம். நெசவுக்கார அம்மா ஒருத்தி மட்டும் போர்வையைத் திருப்பி நீட்டினாள்.

"எனக்குக் குளிரலைங்க. என் பாவுக்குத்தான் குளிருது."

தறியில் ஏற்ற வைத்திருந்த பட்டு இழைகள், அத்தனையும், ஓடு பறந்த ஓட்டை வழியே நனைந்து கிடந்தன. ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவள் அவள். இது அவள் சொந்த மகளுக்கு.

"இன்னிக்கே நீட்டிக் கட்டி, காத்து படணுங்க. சுருட்டியே கெடந்தா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு பாழாப்பூடும்."

தெருவெல்லாம் சேறு, மேலே தூறல். கூரையோடு நீளமான இடம் என்றால் கல்யாண மண்டபம் ஒன்றுதான். அன்று சாயங்காலம் அங்கே எங்கள் விழா. வேலூரிலிருந்து சங்கத்தின் மாவட்டத் தலைவர் வருகிறார். எங்கள் தலைவர் பட்டுக்கடைக்காரர். காதைச் சொறிந்துகொண்டார். பிறகு, "எடுத்தாம்மா, ஜல்தி" என்றார்.

மண்டபத்தின் நீளம் போதவில்லை. மூலைக்கு மூலை குறுக்காக, தொடை உயரத்தில் இழுத்துக் கட்டினோம். வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் சிவப்பாக ஒரு வேலி. ஊரில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர் மைக்கைத் தாங்கும், அல்லது ஃபேன்களைத் தாங்கும், இரண்டையும் தாங்காது.

"மைக்கை நிறுத்துங்க" என்றார் தலைவர். சங்கத்தில் எனக்கிருந்த ஒரே தகுதியும் அதோடு போயிற்று.

வேலூர்க்காரர் கோட்டும் மாலையுமாக வந்தார். நல்ல கனத்த உடம்பு. வேலியைப் பார்த்தார், வேட்டியைத் தூக்குவதுபோல் பேண்ட்டைத் தூக்கினார், ஒரு காலையும் தூக்கிவிட்டார்.

"ஐயையோ, தாண்டாதீங்க சாமி!" என்று அந்த அம்மா அலறினாள். பாவை யாரும் தாண்டக் கூடாது; எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். "குனிஞ்சு வாங்க!"

"குனியறது என் கையில இல்லியேம்மா, வவுத்து கையில இல்ல இருக்குது!"

ஆனாலும் தவழ்ந்தார். மாலை தரையைக் கூட்டியது. விருந்தாளி தவழும்போது நாம் நிற்பது மரியாதையா? தலைவர், டாக்டர், வக்கீல் எல்லோரும் பின்னாலேயே தவழ்ந்து மேடை ஏறினார்கள். பாவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மைக் இல்லாததால் பேச்சுகள் அதிசயமாகச் சுருங்கின. நன்றியுரைக்கு வக்கீல் எழுந்தபோதுதான் ஜெனரேட்டர்காரர் ஒயரைச் சுருட்ட வந்தார். கூட்டம் முடியும்வரைதான் வாடகை; முடிந்ததும் அவர் வண்டி சேத்துப்பட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கல்யாணம்.

அந்த அம்மா இழைகளுக்கு அடியில் புறங்கையை ஓட்டினாள். முகம் வாடியது. "நடுவுல இன்னும் ஈரங்க."

"கூட்டம் எங்க முடிஞ்சுது?" என்றார் வேலூர்க்காரர், உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

பேசினார். சேவையைப் பேசினார், கண் தானத்தைப் பேசினார், அது தீர்ந்ததும் தன் மாமியார் வீட்டைப் பேசினார். ஃபேன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நடுநடுவே நிறுத்தி, "இப்போ எப்டிம்மா?" என்பார். "இன்னும் கொஞ்சம் பேசுங்க சாமி" என்பாள் அவள். ஜெனரேட்டர்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, "பேஜார் பண்றாங்கப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மரம் நடுவதன் அவசியத்துக்கு வந்திருந்தபோது, "போதுங்க, காஞ்சிடுச்சு!" என்று குரல் வந்தது. வேலூர்க்காரர் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார். எங்கள் சங்கத்தில் எந்தப் பேச்சுக்கும் அவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை.

பாவைச் சுருட்டி முடிக்கும்வரை அவர் மேடையைவிட்டு இறங்கவில்லை. "பொறுமையா சுருட்டும்மா, கண்ணாலப் புடவை" என்றார். இன்னொரு தடவை தவழ அவருக்குத் தெம்பில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.