முத்துமாரி அடித்த மனுவும் என் பிரிவியூ ஃபங்ஷனும்

"எங்க சைடுல ஒரு தப்பும் இல்ல பாய். லாக் எல்லாம் சக்சஸ்னுதான் காட்டுது."

போனில் நான் சொன்ன இந்த வார்த்தையால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருந்த காதர் பாய் எங்களிடம் ஒரு வேலை கொடுத்தார். அங்கே மனு, பத்திரம் எல்லாம் அடிப்பது முத்துமாரி. அடித்ததைச் சரிபார்க்க மட்டும் அடிக்கக் கொடுத்தவர்கள் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. இனி வீட்டிலிருந்தே போனில் பார்க்கட்டும் என்றார் பாய்.

அதற்கு ஒரு சர்வர்லெஸ் ஃபங்ஷன் போதும். தனியாக சர்வர் வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டாம். முத்துமாரி ஃபைலை ஏற்றியதும் கிளவுடில் நம் கோட் விழித்துக்கொள்ளும். பக்கங்களைப் படமாக்கி, அதைப் பார்க்கும் பிரிவியூ லிங்க்கை மனுக்காரர் போனுக்கு அனுப்பிவிட்டு அடங்கிவிடும். அவர்களுடைய மனு ஒன்றை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், அருமையாக வந்தது. கிளவுடுக்கு அனுப்பி டிப்ளாய் செய்தபின் ஓர் இங்கிலீஷ் ஃபைலை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை பாய் கூப்பிட்டார். பிரிவியூவில் தமிழே இல்லை, ஏதேதோ இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது என்றார். ஃபங்ஷன் ஓடிய விவரம் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். எல்லாம் பச்சை. அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"அப்ப இந்தப் புள்ளதான் ஃபான்ட் மாத்தாம அனுப்பிருக்கு. இப்ப கம்ப்யூட்டர்ல சரி பண்ணி வச்சிட்டு, இல்லவே இல்லங்குது" என்று போனை வைத்தார்.

மனசு கேட்கவில்லை. காலையில் அவள் ஏற்றிய அதே ஃபைலை இறக்கிப் பார்த்தேன். சுத்தமான தமிழ், ஓர் எழுத்துப் பிழை இல்லை. உறைத்தது. அது பழைய காலத்துத் தமிழ் ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் வெறும் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் தெரியும். அதை என் லேப்டாப்பில் போட்டிருந்தேன், கிளவுடுக்குப் போன பேக்கேஜில் சேர்க்கவில்லை. ஃபங்ஷனுக்குத் தமிழா தெரியும்? படமாகிவிட்டால் அதற்கு சக்சஸ்.

ஃபான்ட்டைச் சேர்த்து மறுபடி டிப்ளாய் செய்தேன். பாய் போனை எடுக்கவில்லை. பைக்கில் கிளம்பினேன்.

கடையில் சோழபுரத்துக்காரர் ஒருவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், கத்திக்கொண்டிருந்தார்: "போன்லயே பாத்துக்கலாம்னீக. கடைசில பஸ் ஏறி வர வச்சிட்டீகளே!"

முத்துமாரி பையைத் தோளில் மாட்டி பாயைப் பார்த்து நின்றிருந்தாள். "நான் சரியாத்தான் அனுப்புனேன் அண்ணாச்சி." எத்தனை தடவை சொன்னாளோ, குரல் தேய்ந்திருந்தது.

பாய் என்னிடம், "தப்புகூடப் பரவால்ல தம்பி. மறைக்கிற ஆளு எனக்கு வேண்டாம்" என்றார்.

"பாய், அவங்க எதையும் மறைக்கல. தப்பு என் மேல. சரியா பாக்காம சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்தப் பெரியவர் போனுக்கு அவர் மனுவின் புது லிங்க் அனுப்பினேன். அவர் கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தார்.

"அம்புட்டும் சரியாத்தான் இருக்கு. மனசுல வச்சுக்காத தாயி, அவசரத்துல கத்திப்புட்டேன்" என்றார்.

பாய் டீ வரவழைத்து முதல் கிளாஸை அவளிடம் நீட்டினார்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "காலைலயே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்?"

வேலை ஓடியதா என்பதைத்தான் லாக் சொல்லும்; சரியாக வந்ததா என்பது அதற்குத் தெரியாது. இப்போதெல்லாம் புகார் வந்தால், யார் மேல் பழி விழப்போகிறதோ அவர்களுக்குத்தான் முதலில் போன் போடுகிறேன்.