தம்பி குடித்த கிண்ணத் தண்ணீர்

நான் இன்று புத்தி தெளிவாக ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்றால், எங்கள் பனிமலை ஊரான நாரினே பைத்தியம் என்று ஒதுக்கிய என் தம்பி பெக்தூர்தான் காரணம். அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினாலும் தகும்.

பட்டாளத்தில் இருந்தபோது, பத்தொன்பது வயதில், அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. நேரே ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அன்றிலிருந்து மாத்திரையும் ஆடு மேய்ப்பதுமாக இருக்கிறான். பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

எனக்கோ மாதவிலக்கு நின்றபின், நாற்பத்தெட்டு வயதில் குரல் வந்தது. செத்துப்போன மாமியார் என்னைக் கூப்பிட்டார். என் கணவரின் அக்கா உல்கானுக்கு ஒரே சந்தோஷம். "முன்னோர் அருள் எறங்கிடுச்சு. ஏத்துக்கலன்னா குடும்பமே வெளங்காது" என்று என் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டி உட்கார வைத்தாள். குறி கேட்க வாசலில் கூட்டம். நான் தின்னவும் இல்லை, தூங்கவும் இல்லை.

பெக்தூர் வந்தான். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "அக்கா, அந்தக் குரல் உன்னத் திட்டுதா?"

"திட்டுது. ஆத்துல போயி எறங்குங்குது."

"எனக்கும் அதேதான் சொல்லுச்சு. கெளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

உல்கான் வாசலை மறித்தாள். "நல்லாருக்குடா கதை. மீசை மொளைக்கிற வயசுல ஆம்பளைக்கு வந்தா அது பைத்தியம். பேத்தி எடுத்தவளுக்கு வந்தா அருள். இவ தட்டிட்டுப் போனா சாபம் யாரு தலையில விழும்? ஒந்தலையிலயா?"

"விழட்டும்" என்றான். கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, எங்கள் வழக்கப்படி மூன்று முறை என்னைச் சுற்றி வந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டான். நோயோ சாபமோ, சுற்றிக் குடித்தவனைத்தான் போய்ச் சேரும். உல்கான் வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "ஆம்பளைங்களுக்கு இது பெரும்பாலும் எளவயசுலயே வந்துடும். பொம்பளைங்கள்ல சிலருக்கு மாதவிலக்கு நிக்கிற வயசுல வரும். அதுவரைக்கும் ஒடம்புல சுரக்கிற ஹார்மோன் ஓரளவு காவலா இருக்குன்னு நெனைக்கிறோம். ஒங்க தம்பிக்கு வந்த நோய்தாம்மா ஒங்களுக்கும்."

மாத்திரை கொடுத்தார். பனி உருகுவதற்குள் மாமியார் வாயை மூடிக்கொண்டார். உயிரோடு இருந்தபோதுகூட அவர் அப்படி மூடியதில்லை.

இப்போது சாயங்காலம் ஆனால் பெக்தூர் வந்துவிடுவான். சேர்ந்து உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொள்வோம். நேற்று கேட்டேன்: "ஏண்டா, ஒனக்குச் சாபத்துல எல்லாம் நம்பிக்கை இல்லையா?"

"இருக்குக்கா."

"அப்பறம் எப்படிடா குடிச்ச?"

"பயமாத்தான் இருந்துச்சு. நடுவுல நிறுத்திடுவேனோன்னுதான் ஒரே மூச்சுல குடிச்சேன்."