நாற்றமில்லாத முதல் சாக்கு

வாப்பாவுக்கு மேலப்பாளையத்தில் கோழிக்கடை. எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. கடையில் கழிக்கும் இறகுதான் என் ஆராய்ச்சிப் பொருள். இறகு முழுக்கப் புரதம். காற்றுப் புகாத உலையில் சுட்டால் கரியாகும். அந்தக் கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்தால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும். "படிச்சுப் படிச்சுக் கடைசில வாப்பா கடைக்கே வந்துட்டா" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

முதல் சாக்கு இறகு, கல்லூரி விடுமுறையில் எங்கள் மொட்டைமாடியில் கிடந்தது. திறந்தபோது நாற்றமே இல்லை. சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அப்படியே சுட்டு, கரியைத் தண்ணீரில் கழுவி, மின்தேக்கி செய்தேன். நினைத்ததைவிடப் பல மடங்கு மின்சாரத்தைப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னொரு தடவ செஞ்சு காட்டும்மா" என்றார் என் பேராசிரியர். அடுத்த சாக்கைக் கடையிலிருந்து நேரே பஸ்ஸில் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். ஆய்வகத்தில் நாற்றம் போகும்வரை அலசி, பிறகு சுட்டேன். அடுப்புக்கரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது சாக்கும் அப்படியே.

"மொத தடவ அளந்தத நீ திருத்தலையேம்மா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பொய்க்காரி என்ற பெயரோடு பட்டம் வாங்குவதைவிட ஆராய்ச்சியை விட்டுவிடுவதே மேல் என்று வீட்டுக்கு வந்து படுத்தேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

உம்மா கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஒண்ணு சொன்னா ஏச மாட்டியே?"

"சொல்லு."

"மாடில கெடந்த சாக்க நான்தான் உப்புத் தண்ணில ஊறப்போட்டுக் காயவச்சேன். நாத்தம் தாங்கல. கோழின்னா கல்லுப்புப் போடாம எனக்கு ஆகாது. அதுலதான் எல்லாம் கெட்டுப்போச்சோன்னு நீ அழும்போதெல்லாம் ஈரக்கொல நடுங்குது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். காய்ந்த உப்பு இறகெங்கும் படிந்திருக்கிறது. சுட்டபின் நான் கழுவியபோது அது கரைந்து போயிருக்கிறது. அது இருந்த இடமெல்லாம் துளை.

அடுத்த சாக்கை வேண்டுமென்றே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துச் சுட்டேன். பேராசிரியர் பக்கத்தில் நின்று தானே அளந்தார். முதல் தடவை வந்த அளவு வந்தது. "சரிம்மா, எழுத ஆரம்பி" என்றார். அன்று என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் இன்னும் மறக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கரி, துளை, மின்சாரம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் ஒண்ணும் கெடுக்கலதானே?" என்றாள்.